வலை வாயில் இருக்கிற நேரம்

இந்தக் கரைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு முதல் நாளே ஒரு சங்கதியைச் சொல்லியிருப்பார்கள். வீச்சு வலைக்காரர் வலையின் ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கும்போது அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் வலை விரியாமல் சுருண்டு விழும். சத்தத்தில் பொடி மீனும் கலைந்துபோகும். நல்ல வழக்கம்தான். நானும் அதைக் கற்றுக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். அந்த வழக்கத்தை எப்போது மீற வேண்டும் என்பதை மட்டும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாவாயி. பரமத்தி வேலூருக்குக் கொஞ்சம் மேலே, வாழைத் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும் ஆற்றங்கரை வரைக்கும் வந்து நிற்கிறதே, அந்தக் கரையில்தான் என் உத்தியோகம் முழுவதும் நடந்தது. மூட்டு வலி வந்து போன வருஷம் ஓய்வு வாங்கிக்கொண்டேன். யாரும் மாலை போடவில்லை. மீன் வைக்கிற போசியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நானே வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் யாரையாவது திட்டுகிற இடம் வந்தால் அவள் பேனா மெதுவாகப் போகிறது. அதனால் நான் வாயால் சொன்னதைவிட இது கொஞ்சம் மரியாதையாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனி ஞாயிறு ஆனால் சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள். கரையில் நின்று வாளையும் விராலும் பிடிக்க வேண்டும் அவர்களுக்கு. அந்த மீன்கள் செத்த இரையைத் திரும்பிக்கூடப் பார்க்காது என்பார்கள். முள்ளில் மாட்டின பிறகும் துள்ளுகிற பொடி மீனாக இருக்க வேண்டும். அதை வலை போட்டுப் பிடித்து உயிரோடு கொடுப்பதுதான் நம் தொழில். ஜேடர்பாளையம் அணைக்கட்டுப் பக்கம் மீன் வறுவல் கடைகள் பெருகியதும், தூண்டில் போடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிச் சலித்தவர்கள், தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்கள் எல்லாம் இப்போது வலை எடுத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்படும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு வலைக்கு இரண்டு ஆள். ஒருவர் ஆற்றுக்குள் இருக்கிற திட்டில் நின்று வலை வீசுவார். இன்னொருவர் கரையில் போசியோடு, அதாவது வாயகன்ற பாத்திரத்தோடு, உட்கார்ந்து பிடித்த மீனைச் சாகாமல் பார்த்துக்கொள்வார். பேர் எல்லாம் வீசுகிறவருக்குத்தான். போசி பார்க்கிறவளை யார் கண்டுகொள்கிறார்கள்? நான் போசி பார்த்தவள்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் ஒரே வீச்சில் வலை கொள்ளாமல் பொடிக் கெண்டையை அள்ளிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பல். அத்தனையையும் ஒரே போசியில் கொட்டப் போனார். நான் போசியை இழுத்துக்கொண்டேன்.

"பாதிய ஆத்துல உடுங்க," என்றேன்.

"ஏம்புள்ள, புடிச்சதை உடச் சொல்றியா? கிறுக்கா உனக்கு?"

"அத்தனையும் இதுல போட்டா மூச்சு முட்டி அத்தனையும் மல்லாந்துருமுங்க. புடிக்கறது உங்க வேலை. உசுரோட வெக்கறது என்ற வேலை."

கேட்கவில்லை. கொட்டினார். தூண்டில்காரர்கள் வந்து சேர்வதற்குள் போசி முழுக்க வெள்ளை வயிறுதான் மிதந்தது. மறுநாள் முதல் நான் போதும் என்று கை காட்டினால், மிச்சத்தை அப்படியே ஆற்றில் உதறிவிடுவார். தப்பு என்று வாயால் ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை அவர். கையால் ஒப்புக்கொள்கிற ரகம். எனக்கு அது புரியவே வெகு காலம் ஆயிற்று.

எங்கள் இடம் எப்படி என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். கரையை ஒட்டி முதலில் ஒரு சின்னத் தண்ணீர், வாய்க்கால் மாதிரி ஓடும். முழங்காலுக்குத்தான் வரும். அதைத் தாண்டினால் பாறையும் மணலுமாக ஒரு திட்டு. திட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆறு. பொடி மீன் மேய்வது ஆற்றுப் பக்க ஓரத்தில் என்பதால், வலைக்காரர்கள் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கே நிற்பார்கள். கிழக்கேயிருந்து வருகிற ஓடை ஒன்று, கொஞ்சம் மேலே, இந்தச் சின்னத் தண்ணீரில் வந்து விழுகிறது. ஆற்றில் தண்ணீர் திறப்பதென்றால் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். நாங்கள் போகவே மாட்டோம். ஓடைத் தண்ணீர் யாரிடமும் சொல்லிவிட்டு வராது. ராசிபுரம் பக்கம் கொட்டுகிற மழை, இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வந்து சேரும். வந்தால் முதலில் நிரம்புவது வலைக்காரரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிற வழிதான். அவர் காலடியில் ஈரம் ஏறும்போது திரும்பி வர வழி இருக்காது. அது முதலில் தெரிவது கரையில் உட்கார்ந்திருக்கிறவள் கண்ணுக்கு மட்டும்.

செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இரண்டு கையும் வலையில், ஓரம் வாயில். போனை எடுப்பது யார்? அது கரையில் என் மடியில்தான் பிளாஸ்டிக் பையில் கிடக்கும்.

இன்னொன்று. வலை ஆற்றோடு போய்விடக் கூடாது என்று அதன் கயிற்றை மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். இறுக்கி முடிச்சுப் போடுவது என் மாமனார் காலத்திலிருந்து இவர்கள் வழக்கம். அவிழ்க்க வேண்டுமென்றால் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திட்டில் என் வீட்டுக்காரரும் கொழுந்தன் செங்கோடனும் ஆளுக்கொரு வலையோடு நின்றார்கள். செங்கோடன் நல்ல உழைப்பாளி. லொள்ளுக்கும் குறைச்சல் இல்லை. கரையில் தூண்டில்காரர்கள் இரைக்குக் காத்திருந்தார்கள். அதில் சேலத்துத் தம்பி ஒருவர், ஜவுளி வியாபாரம் பார்க்கிற நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. வாரம் தவறாமல் வருவார். தங்கமான மனுஷன். தூண்டிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கு மீன் ஓரத்தில் கூட்டம் கூட்டமாக நன்றாகப் படிந்திருந்தது. என் வீட்டுக்காரர் வலையைத் தோளில் மடித்து, ஓரத்தைப் பல்லில் கவ்வி, வீசுவதற்கு உடம்பைத் திருப்பினார். அதே நேரம் சின்னத் தண்ணீரில் கரும்புச் சோகை மிதந்து வந்தது. காய்ந்த தோகை, கட்டுக் கட்டாக. கரை மேலே காய்ந்து கிடக்கிற சருகு மிதந்து வருகிறதென்றால், மேலே எங்கோ தண்ணீர் ஏறி அதை வாரிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம்.

"ஏனுங்க, தண்ணி வருதுங்க, இக்கட்ட, கரைக்கு வாங்க," என்று கத்தினேன்.

என் குரல் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கரையில் கரூர் ஜில்லா மாடுகள்கூடத் தலையைத் தூக்கியிருக்கும். என் வீட்டுக்காரர் திடுக்கிட்டார். வலை கையை விட்டுக் கிளம்பிவிட்டது. திடுக்கிட்டதில் வாயைத் திறக்க மறந்துவிட்டார். முன்பல் ஒன்று வலையோடு போயிற்று.

மணிக்கட்டில் கட்டின வலையை இழுத்துக்கொண்டு, வாயைப் பொத்தியபடி அவரும், பின்னாலேயே செங்கோடனும் ஓடி வந்து கரையேறினார்கள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சோகை போயிற்று. பிறகு இன்னும் கொஞ்சம் சோகை போயிற்று. தண்ணீர் ஒரு விரல்கூட ஏறவில்லை. மேலே யாரோ கரும்பு வெட்டின காட்டைச் சுத்தம் பண்ணிச் சோகையை ஓடையில் தள்ளியிருக்கிறார்கள். அவ்வளவுதான் சங்கதி.

மீன் கலைந்துவிட்டது. தூண்டில்காரர்கள் இரை இல்லாமல் வெறும் கையோடு வண்டியை எடுத்தார்கள். செங்கோடன் தொடையைத் தட்டிச் சிரித்தான். எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நங்கையா, சோகை வந்ததுக்கே இந்தக் கூப்பாடுன்னா, கரும்பு வந்தா ஊரையே கூட்டிருவீங்களாட்டம் இருக்குதே."

சேலத்துத் தம்பியும் சிரித்தார். பாவம், அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இனிமே கரைல வாயத் தொறக்காம பொட்டாட்ட இரு," என்றார். பாதி எழுத்து அந்தப் பல் போன சந்து வழியாகக் காற்றாகப் போயிற்று. இருந்தாலும் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அதற்குப் பிறகு எனக்குச் சோகைப் பாவாயி என்று பேர் விழுந்தது. டீக்கடையில், மீன் கடையில், எங்கே போனாலும் அதுதான். என் வீட்டுக்காரர் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒரு பக்கமாகவே சோறு மெல்லுவார். ஒவ்வொரு வாய்க்கும் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நானும் வீம்பாக வாயைத் தைத்துக்கொண்டேன். போசித் தண்ணீரை மாற்ற வேண்டும் என்றால்கூடக் கையைக் காட்டுவேன். பாவாயி பேசாமல் இருந்தால் மழை வரும் என்று கேலி பண்ணினார்கள். அந்த வருஷம் மழை நன்றாகத்தான் பெய்தது.

வெட்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதற்கே கூச்சமாக இருந்தது. பார்த்தால் ஏதாவது தெரியும். தெரிந்தால் கத்தத் தோன்றும். அதனால் போசியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீங்கள் யாரும் அந்த நிலைமைக்கு வந்துவிடாதீர்கள். தண்ணீரைப் பார்க்க வேண்டியவள் தண்ணீரைப் பார்க்கப் பயப்படுவதைவிட மோசம் வேறு இல்லை.

அப்போதுதான் ஒரு நாள் அணைக்கட்டுப் பக்கத்துக் கடையில் மீன் வறுக்கிற ஒருத்தி, விரால் வாங்க எங்கள் கரைக்கு வந்தாள். பேர் இன்றுவரை தெரியாது. எல்லோருக்கும் அவள் வறுவக்காரம்மா. என்னைவிட இளையவள், என்னைவிட வாய் நீளம். வந்தவள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். சோகை வந்தது, கத்தினேன், தண்ணீர் வரவில்லை, பல் போனது, பேர் போனது.

அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க்கா, தண்ணி வரலீங்கறதுதான் உங்களுக்கு வருத்தமா?"

எனக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது. தண்ணீர் வந்திருந்தால் என் பேர் நின்றிருக்கும். என் வீட்டுக்காரர் நின்றிருப்பாரா? இத்தனை நாளும் தண்ணீர் வராமல் போனதற்கு நான் அழுதுகொண்டிருந்திருக்கிறேன். என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். மறுநாள் முதல் மறுபடியும் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தேன். தினமும் போனவுடன், தண்ணீர் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கரையில் ஒரு குச்சியை நட்டு வைப்பேன். தண்ணீர் குச்சியைத் தொட்டால் கத்துவது, தொடாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு. இனி யாரும் சிரிக்க முடியாது பாருங்கள், அந்தக் கணக்கு.

ஐப்பசி வந்தது. தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே நல்ல வெயில். கரை கொள்ளாத கூட்டம் வரும் என்று இரண்டு வலையும் சீக்கிரமே திட்டுக்குப் போய்விட்டன. சேலத்துத் தம்பி மட்டும் முதல் ஆளாக வந்து என் பக்கத்தில் நின்று தூண்டிலைப் பூட்டிக்கொண்டிருந்தார். மீன் எடுக்கிற நீளக் கைப்பிடி வலை ஒன்றும் புதிதாக வாங்கியிருந்தார். அதன் பெருமையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோகை வந்தது. நாலைந்து தோகை, அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டு.

நான் குச்சியைப் பார்த்தேன். குச்சி காய்ந்து நின்றது. தண்ணீர் நிறம் மாறவில்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. திட்டில் என் வீட்டுக்காரர் வலை ஓரத்தை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து நிற்கிறார். அவருக்கு அக்கட்டத் தள்ளிச் செங்கோடன் அப்போதுதான் வீசி முடித்திருக்கிறான்.

"என்னங்க்கா அப்பிடிப் பாக்கறீங்க?" என்றார் சேலத்துத் தம்பி.

"சோகை," என்றேன்.

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, பழைய ஞாபகத்தில். அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றுவிடப் பார்த்தது. வாய்வரைக்கும் வந்த சத்தம் உள்ளே போயிற்று. குச்சியைத் தொடட்டும், தொட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது இதுதான்: குச்சியைத் தொட்டுவிட்டால் நான் சொல்வது உண்மை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அப்போது அவர்கள் வர வேண்டிய வழியில் தண்ணீர் நின்றிருக்கும். நிச்சயமாகத் தெரிந்த பிறகு போடுகிற சத்தத்துக்கு எங்கள் ஊரில் ஒப்பாரி என்று பேர். குச்சியை நான் நட்டது அவர்களைக் காப்பாற்ற இல்லை, என் பேரைக் காப்பாற்ற.

கத்தினேன்.

"ஏனுங்க, கரைக்கு வாங்க. ரண்டு பேரும் வாங்க."

என் வீட்டுக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தார். வலை ஓரம் பல்லிலிருந்து நழுவி விழுந்தது. மணிக்கட்டை ஒரு உதறு உதறினார், கயிறு கழன்று போயிற்று. முடிச்சு இல்லை. எப்போது அதைச் சுருக்கு மாதிரி மாற்றிக் கட்டினார் என்று எனக்குத் தெரியாது. வலை அங்கேயே கிடக்க, ஆள் கிளம்பிவிட்டார்.

செங்கோடன் நகரவில்லை. "மறுக்காவும் சோகையா, நங்கையா?" என்று சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு, சரி போகலாம் என்று வலையை இழுத்தான். வலை வரவில்லை. அடியில் பாறைச் சந்தில் மாட்டிக்கொண்டது. அவன் மணிக்கட்டில் பழைய இறுக்கு முடிச்சு.

எனக்குப் பக்கத்தில் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் மாறியது. சேலத்துத் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டார்.

என் வீட்டுக்காரர் பாதி வழி வந்தவர் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து கரைக்குப் பத்து எட்டு இருந்தால் அதிகம். வந்துவிடலாம். திரும்பிப் பார்த்தார். தம்பி கயிற்றோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்தார். என்னை ஒரு தரம் பார்த்தார். என்னால் வா என்றும் சொல்ல முடியவில்லை, போ என்றும் சொல்ல முடியவில்லை. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, வா என்று சொல்லத்தான் நாக்குத் துடித்தது.

அவர் திட்டுக்குத் திரும்பி ஓடினார்.

அரைஞாண் கயிற்றில் கொஞ்ச நாளாக ஒரு மடக்குக் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. கொட்டைப்பாக்கு வெட்டத் தொங்கவிட்டிருக்கிறார் என்று நினைத்திருந்தேன். அதை எடுத்தார். செங்கோடன் கையை இழுத்துக்கொண்டது இங்கிருந்தே தெரிந்தது. புது வலை அது. அறுக்க மனசில்லை.

"அண்ணா, சித்தெ பொறு, இழுத்தா வந்துரும்."

"அட கெரகமே, மொதல்ல கரை. அப்பறம் என்னைய எத்தன வேணுமின்னாலும் திட்டிக்க," என்றார் இவர். ஒரே இழுப்பில் கயிற்றை அறுத்தார்.

அவர்கள் இறங்கும்போது தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. நடு வழியில் இடுப்பு. கொஞ்சம் கொஞ்சமாக அவர்களைக் கீழே தள்ளிக்கொண்டு போயிற்று. ஒருவர் தோளை ஒருவர் இறுக்கிப் பிடித்தபடி சாய்ந்து சாய்ந்து வந்தார்கள். சேலத்துத் தம்பி தூண்டிலைப் போட்டுவிட்டு, அந்த நீளக் கைப்பிடி வலையை எடுத்துக்கொண்டு ஓரத்தில் இறங்கி நீட்டினார். அவரும் போய்விடக் கூடாது என்று அவர் இடுப்பு பெல்ட்டைப் பின்னாலிருந்து நான் பிடித்துக்கொண்டு, ஒரு வாழை மரத்தை இன்னொரு கையால் கட்டிக்கொண்டேன். வாழை மரத்தை நம்பலாமா என்று கேட்காதீர்கள். வேறு மரம் இல்லை. செங்கோடன் கைதான் முதலில் அந்தக் கைப்பிடியில் பட்டது.

கரையேறி, திரும்பிப் பார்த்தோம். திட்டு இருந்த இடத்தில் பாறைத் தலை இரண்டு தெரிந்தது. பிறகு ஒன்று தெரிந்தது. இரண்டு வலையும் போய்விட்டன. என் போசியும் போய்விட்டது. நான் நட்ட குச்சி எப்போது போனது என்று நான் பார்க்கவே இல்லை.

செங்கோடன் மணிக்கட்டில் அறுந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நங்கையா," என்றான். அந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தான். லொள்ளு இல்லாமல் அவன் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான்.

என் வீட்டுக்காரர் மூச்சு வாங்கி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"தெரியலீங்க," என்றேன். "தெரியாமத்தான் கத்துனேன்."

"அதான் வேணும்," என்றார் அவர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு பக்கமாகச் சோறு மென்ற மனுஷன், என் அடுத்த சத்தத்துக்காக முடிச்சை மாற்றிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கத்தியும் வைத்துக்கொண்டு அங்கே நின்றிருக்கிறார். என் வாய் பொய்யாகிப்போன நாளிலிருந்தே அந்த வாயை நம்பித்தான் நின்றிருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொல்லியிருந்தால் நான் அந்தக் குச்சியை நட்டிருக்கவே மாட்டேன். இதை அவரிடமே சொல்லித் திட்டினேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் வீட்டில் பேச்சு மறுபடி ஆரம்பித்தது அப்படித்தான்.

இப்போது நம் கரையில் எல்லோர் மணிக்கட்டிலும் கழற்றுகிற சுருக்குதான். அதை ஆரம்பித்தவர் யார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொன்னேன். இன்னொரு வழக்கமும் அன்றைக்கு வந்தது. கரையிலிருந்து சத்தம் வந்தால் வலையை விட்டுவிட்டு வர வேண்டும். ஏன், என்ன என்பதெல்லாம் கரையேறிய பிறகு. அதைவிட முக்கியம், வந்து பார்த்து ஒன்றும் இல்லை என்றால் வலைக்காரர்கள்தான் கத்தினவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். இதைக் கொண்டுவந்தது செங்கோடன். வெறும் கூப்பாடு போட்டவரைக் கேலி பண்ணினால், அடுத்த தடவை அவருக்குக் குரல் எழும்பாது. அது அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

போசி பார்க்க வந்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். இப்போது உங்களிடம் பேட்டரியில் குமிழி விடுகிற மோட்டார் இருக்கிறது, மீன் அதுபாட்டுக்கு உயிரோடு இருக்கும். அதனால் கண்ணைத் தண்ணீரில் வையுங்கள். உங்களுக்கே சந்தேகமாக இருக்கிறதா, கத்துங்கள். குரல் நன்றாக இல்லையே, மரியாதையாக இல்லையே, கூட்டம் பார்க்கிறதே என்று யோசிக்காதீர்கள். திட்டில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரையில் இருப்பவரை நம்புகிறீர்கள் என்றால் அதை வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். வலை வாயில் இல்லாத நேரம் நிறைய இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் கத்தினதில் முக்கால்வாசி வெறும் கூப்பாடுதான். தண்ணீர் வந்தது அபூர்வம். டீ குடித்துக் குடித்தே எனக்குப் பித்தம் ஏறியது என்று என் மகள் சொல்வாள்.

போன வருஷம் நான் வேலையை விடுவதற்குக் கொஞ்சம் முன்பு, கண்ணும் சரியாகத் தெரியாமல், ஒரு வாழை மட்டை மிதந்து வந்ததற்குக் கத்திவிட்டேன். மீன் படிந்திருந்த நேரம். அத்தனை வலையும் அப்படியே விழுந்தது. அத்தனை பேரும் கரையேறினார்கள். வாழை மட்டை ஆடி அசைந்து எங்களைத் தாண்டிப் போயிற்று. ரிக் வேலையை விட்டுப் புதிதாக வந்திருந்த ஒருவர் பெருமூச்சு விட்டார்.

"நல்லாப் படிஞ்சிருந்துச்சுங்க மீனு," என்றார்.

"அது நாளைக்கும் படியுமுங்க," என்றான் செங்கோடன். "மொதல்ல போயி டீ சொல்லுங்க. நங்கையாளுக்குச் சக்கரை தூக்கலா."

டீக்கடை பெஞ்சில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து, பல் போன சந்து தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பல் கட்டிக்கொள்ளச் சொன்னால் இன்றுவரை கேட்க மாட்டார். நான் டீயை ஊதிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்து வந்தேன். ஒருத்தரும் குறையவில்லை.